45.46 மில்லிமீட்டர்: பழைய லென்ஸ்கள் டிஜிட்டல் கேமராவுக்கு வந்த கதை

ஒரு செல்போன் ஐந்து வருடம் ஓடினாலே பெரிய விஷயம் என்று நினைக்கிற காலம் இது. டிஜிட்டல் கேமராவும் அப்படித்தான். புது மாடல் வந்ததும் பழையதன் விலை சரசரவென்று இறங்கிவிடும். ஆனால் அதே டிஜிட்டல் கேமராவின் முன்னால் 1960களிலும் 70களிலும் செய்யப்பட்ட லென்ஸைத் திருகி மாட்டிப் படம் எடுப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அந்த லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, சிப் கிடையாது, மின்சாரமே தேவையில்லை. ஃபோகஸ் செய்ய ஒரு வளையத்தை விரலால் திருக வேண்டும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க இன்னொரு வளையம். அவ்வளவுதான்.

அவற்றில் பலவற்றைச் செய்த தொழிற்சாலைகள் மூடிவிட்டன. சிலவற்றைச் செய்த நாடுகளே இன்று உலக வரைபடத்தில் இல்லை! கிழக்கு ஜெர்மனி 1990-ல் மறைந்தது. சோவியத் யூனியன் 1991-ல் மறைந்தது. அவை செய்த லென்ஸ்கள் மட்டும் இன்னும் படம் எடுத்துக்கொண்டிருக்கின்றன.

இது எப்படி? நல்ல கண்ணாடி, நல்ல உலோகம், அக்காலத்து உழைப்பு என்று சொல்லிவிடலாம். அது பாதி பதில். மீதிப் பதில் ஒரு சின்ன எண்ணில் இருக்கிறது. அந்த எண்ணைப் புரிந்துகொண்டால், ஒரு பொருள் எப்போது "பழையது" ஆகிறது, அதை முடிவு செய்வது யார் என்ற கேள்விக்கும் ஓரளவு விடை கிடைக்கும்.

ஒரு இடைவெளியின் கணக்கு

கேமராவின் முன்புறம் லென்ஸ் வந்து உட்காரும் உலோக வளையம் இருக்கும். அங்கிருந்து உள்ளே ஃபிலிம் இருக்கும் இடம் வரை (இன்றைய கேமராவில் சென்சார் வரை) ஒரு தூரம் உண்டு. இதை ஃபிளேஞ்ச் தூரம் என்பார்கள். ஒவ்வொரு வகை கேமராவுக்கும் இது மாறாத ஓர் அளவு. லென்ஸ் செய்பவர் இந்த அளவை வைத்துத்தான் லென்ஸைச் செய்கிறார்.

லென்ஸை முன்னால் தள்ளினால் பக்கத்தில் இருக்கும் பொருள் தெளிவாகும். பின்னால் இழுத்தால் தூரத்துப் பொருள் தெளிவாகும். ஃபோகஸ் வளையத்தைத் திருகும்போது உள்ளே நடப்பது இந்த முன்பின் நகர்வுதான். இப்போது ஒரு லென்ஸை வேறு கேமராவில் மாட்ட நடுவே ஓர் அடாப்டர் வளையம் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வளையத்துக்கு ஒரு கனம் உண்டு. அந்தக் கனத்தையும் சேர்த்து லென்ஸ் இருக்க வேண்டிய தூரத்தில் இருந்தால் பிரச்சினையே இல்லை. அதைவிட அரை மில்லிமீட்டர் தள்ளி நின்றால்கூட நிலா, மலை, எதிர்த்த தெருவின் பெயர்ப்பலகை எல்லாம் மங்கலாகிவிடும். பக்கத்தில் இருக்கும் பூ மட்டும் தெரியும்.

ஆகவே விதி ஒன்றே ஒன்று. லென்ஸின் ஃபிளேஞ்ச் தூரம் கேமராவின் ஃபிளேஞ்ச் தூரத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் அந்த வித்தியாசத்தை ஒரு வெற்று வளையத்தால் நிரப்பிவிடலாம். குறைவாக இருந்தால் எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும் உதவாது. இந்த ஒரு விதிதான் லட்சக்கணக்கான லென்ஸ்களின் தலையெழுத்தை எழுதியது.

ஜெனா என்ற ஊர்

கதை தொடங்குவது ஜெர்மனியின் ஜெனா நகரத்தில். 1846-ல் கார்ல் சைஸ் அங்கே ஒரு சிறு பட்டறை தொடங்கினார். முக்கிய வேலை நுண்ணோக்கி செய்வது. அந்தக் காலத்தில் லென்ஸ் செய்வது கைப்பழக்கம்தான். தேய்ப்பது, பார்ப்பது, சரியில்லையென்றால் மறுபடி தேய்ப்பது. எர்ன்ஸ்ட் ஆபே என்ற இயற்பியலாளர் வந்து இதை மாற்றினார். ஒளி எங்கே எப்படி வளையும் என்று முதலில் தாளில் கணக்குப் போட்டு, பிறகு கண்ணாடியைத் தேய்க்கும் முறையைக் கொண்டுவந்தார். ஓட்டோ ஷாட் அதற்குத் தேவையான புதிய கண்ணாடி வகைகளை உருக்கிக் கொடுத்தார்.

அங்கே வேலை பார்த்த பால் ருடால்ஃப் 1896-ல் பிளானார் என்ற லென்ஸை வடிவமைத்தார். நடுவில் அபெர்ச்சர், இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று பார்த்தபடி கண்ணாடித் தொகுதிகள். மொத்தம் ஆறு கண்ணாடிகள், நான்கு தொகுதிகள். பார்க்கப் பிரமாதமான வடிவமைப்பு. ஆனால் ஒரு சிக்கல். காற்றும் கண்ணாடியும் சந்திக்கிற ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பிப் போய்விடும். நான்கு தொகுதி என்றால் எட்டுப் பரப்புகள். கணக்குப் போட்டால் உள்ளே போகும் ஒளியில் கால் பங்குக்கு மேல் படத்துக்கு வந்து சேராது. வராமல் போனாலும் பரவாயில்லை, அது உள்ளேயே அங்குமிங்கும் பட்டுத் தெறித்துப் படத்தை வெளுக்க வைத்துவிடும். அதனால் 1902-ல் அதே ருடால்ஃப் கொண்டுவந்த டெஸ்ஸார் (நான்கு கண்ணாடி, மூன்று தொகுதி) தான் நெடுங்காலம் பெயர் வாங்கியது.

பிளானாரின் சிக்கலைத் தீர்த்தவர் இன்றைய உக்ரைனில் பிறந்த அலெக்சாண்டர் ஸ்மகுலா. கண்ணாடியின் மேல் மிக மெல்லிய ஒரு படலத்தைப் பூசினால் பிரதிபலிப்பு பெருமளவு குறையும் என்ற முறைக்கு 1935-ல் சைஸ் கம்பெனி காப்புரிமை கோரியது. இன்று எந்த லென்ஸைச் சாய்த்துப் பார்த்தாலும் ஊதாவும் பச்சையுமாய் ஒரு சாயல் தெரிகிறதே, அதன் தொடக்கம் இதுதான்.

அதே 1930களில் வில்லி மெர்டே வடிவமைத்த பயோடார் 58 மி.மீ. எஃப்/2 லென்ஸும் வந்தது. பிளானாரைப் போலவே ஆறு கண்ணாடிகள், நான்கு தொகுதிகள். ட்ரெஸ்டன் நகரில் 1936-ல் வெளிவந்த கினே எக்ஸாக்டா போன்ற கேமராக்களுக்கானது. இந்த பயோடாரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதன் வாரிசுதான் இந்தக் கதையின் நாயகன்.

1945: ஒரு தொழிற்சாலை இரண்டாகப் பிளந்தது

1945 பிப்ரவரியில் ட்ரெஸ்டன் நகரம் குண்டுவீச்சில் எரிந்தது. சைஸ் குடும்பத்தைச் சேர்ந்த கேமரா நிறுவனமான சைஸ் ஐகான் அங்கேதான் இருந்தது. ஏப்ரலில் அமெரிக்கப் படை ஜெனாவைப் பிடித்தது. ஆனால் உடன்படிக்கைப்படி அந்தப் பகுதி சோவியத் வசம் போக வேண்டும். எனவே அமெரிக்கர்கள் வெளியேறும்போது ஜெனாவின் முக்கியமான விஞ்ஞானிகளையும் பொறியாளர்களையும் நிர்வாகிகளையும் தங்களோடு மேற்கே கூட்டிச் சென்றுவிட்டார்கள். 1946-ல் ஓபர்கோகன் என்ற சிறு ஊரில் அவர்களைக் கொண்டு இன்னொரு சைஸ் உருவானது. ஸ்மகுலா பின்னாளில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பணியாற்றினார்.

பின்னால் வந்த சோவியத் படையும் சும்மா இருக்கவில்லை. போரில் தன் நாடு இழந்ததற்கு ஈடாக ஜெனாவின் இயந்திரங்களில் பெரும்பகுதியைப் பிரித்து ரயிலேற்றியது. 1946 அக்டோபரில், ஒரே நாளில், கிழக்கு ஜெர்மனி முழுவதிலும் இருந்து ஆயிரக்கணக்கான நிபுணர்களைக் குடும்பத்தோடு சோவியத் யூனியனுக்கு அனுப்பியது. ஜெனாவின் ஒளியியல் நிபுணர்களும் அதில் இருந்தார்கள். போக விருப்பமா என்று யாரையும் கேட்கவில்லை.

அந்த இயந்திரங்கள் என்ன ஆயின? சைஸ் ஐகானின் கான்டாக்ஸ் கேமராவைச் செய்யும் கருவிகள் உக்ரைனின் கீவ் நகரில் உள்ள அர்சனால் தொழிற்சாலைக்குப் போயின. 1947 முதல் அது "கீவ்" என்ற பெயரில் வெளிவந்தது. மாஸ்கோ பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்க் என்ற ஊர். அங்கே 1942-ல் தொடங்கிய ஒளியியல் தொழிற்சாலையில் பயோடாரின் வடிவமைப்பு, கிடைத்த சோவியத் கண்ணாடிக்கு ஏற்பத் திருத்தப்பட்டது. ஆரம்ப மாதிரிகளின் பெயர் பி.டி.கே. (பயோடார் கிராஸ்னகோர்ஸ்க் என்பதன் சுருக்கம்). பிறகு 1950களில் அதற்குக் கிடைத்த பெயர்தான் ஹீலியோஸ்-44.

ஜெர்மனியிலோ பெயருக்கே சண்டை நடந்தது. சைஸ் என்ற பெயர் கிழக்கிற்கா மேற்கிற்கா என்று பல நாட்டு நீதிமன்றங்களில் வருடக்கணக்காக வழக்கு. 1971-ல் லண்டனில்தான் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அதனால் மேற்கு நாடுகளுக்கு அனுப்பிய கிழக்கு ஜெர்மன் லென்ஸ்களில் சைஸ் என்ற பெயர் இருக்காது. "ஜெனாவிலிருந்து" என்று ஜெர்மன் மொழியில் மட்டும் பொறித்திருக்கும். டெஸ்ஸார் என்றுகூட முழுதாக எழுத முடியாமல் "டி" என்ற ஓர் எழுத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் இன்றும் இந்த எழுத்துகளைப் பார்த்துக் குழம்புவது உண்டு.

42 மில்லிமீட்டர் மரை

பிளந்துபோன இந்த உலகத்தை ஒரு விஷயம் மட்டும் இணைத்தது. அது ஒரு திருகு மரை!

1949-ல் ட்ரெஸ்டனிலிருந்து கான்டாக்ஸ் எஸ் என்ற கேமரா வெளிவந்தது. கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கக்கூடிய, மேலே பட்டகம் பொருத்திய எஸ்.எல்.ஆர். கேமராக்களில் முன்னோடிகளில் ஒன்று. அதில் லென்ஸை மாட்டுவதற்கு 42 மி.மீ. விட்டமுள்ள மரை இருந்தது. ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் ஏறும் சாதாரண மரை. ஃபிளேஞ்ச் தூரம் 45.46 மி.மீ. தலைப்பில் உள்ள எண் இதுதான். எம்42 என்று இதற்குப் பெயர். ட்ரெஸ்டனின் இன்னொரு கேமராவான பிராக்டிகாவும் இதே மரையோடு வந்தது. 1957-ல் ஜப்பானின் அசாஹி கம்பெனி தன் பென்டாக்ஸ் கேமராவுக்கு இதையே எடுத்துக்கொண்டது. யாஷிகா, ஃப்யூஜிகா, மாமியா, சினான் எல்லாம் பின்னால் வந்தன. சோவியத்தின் ஜெனிட் கேமராவும் 1960களின் பிற்பகுதியில் இந்த மரைக்கு மாறியது.

ஆகப் பனிப்போர் உச்சத்தில் இருந்தபோது ஜெனாவில் செய்த லென்ஸ் ஜப்பான் கேமராவிலும், டோக்கியோவில் செய்த டகுமார் லென்ஸ் ரஷ்ய கேமராவிலும் ஒழுங்காக உட்கார்ந்தன. அரசியல்வாதிகள் ஒரே மேசையில் உட்கார யோசித்துக்கொண்டிருந்த காலம் அது.

மரையில் குறைகளும் உண்டு. லென்ஸை மாற்றப் பல சுற்றுகள் திருக வேண்டும், அவசரத்துக்கு ஆகாது. திருகி முடிக்கும்போது லென்ஸ் எந்தக் கோணத்தில் நிற்கும் என்பது நூலிழை மாறும். அபெர்ச்சர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று கேமராவுக்குச் சொல்லும் வழி கிடையாது. கேமராக்கள் தாமாக வெளிச்சத்தை அளக்கத் தொடங்கியபோது இது பெரிய தடையாகிவிட்டது. 1975-ல் பென்டாக்ஸே மரையைக் கைவிட்டு, கால்சுற்றில் மாட்டிக்கொள்ளும் கே மவுண்டுக்கு மாறியது. ஆனால் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஃபிளேஞ்ச் தூரத்தை அதே 45.46 மி.மீ. என்று விட்டுவைத்தார்கள். அதனால் பழைய லென்ஸ் வைத்திருந்தவர்கள் ஒரு மெல்லிய வளையத்தோடு தப்பித்தார்கள்.

அனாதையான லென்ஸ்கள்

1985-ல் மினோல்டா 7000 வந்தது. கேமராவே மோட்டாரை வைத்து லென்ஸை ஃபோகஸ் செய்தது. சந்தை ஒரே நாளில் மாறியது போல ஆகிவிட்டது. மற்ற கம்பெனிகள் என்ன செய்வது என்று திகைத்தன.

இரண்டு பெரிய கம்பெனிகள் இரண்டு வழியில் போயின. நிக்கான் 1959-ல் தொடங்கிய தன் எஃப் மவுண்டை விடவில்லை. அதற்குள்ளேயே ஆட்டோஃபோகஸைத் திணித்தது. கேனானோ 1987-ல் ஈ.ஓ.எஸ். கேமராவோடு முற்றிலும் புதிய மவுண்டைக் கொண்டுவந்தது. அகலமான 54 மி.மீ. வாய், லென்ஸுக்குள்ளேயே மோட்டார், கேமராவும் லென்ஸும் பேசிக்கொள்ள மின் இணைப்புகள் மட்டும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் தொலைநோக்குள்ள முடிவு. ஆனால் 1971 முதல் விற்ற எஃப்.டி. லென்ஸ்கள் என்ன ஆவது?

இங்கேதான் அந்தக் கணக்கு வந்து நின்றது. எஃப்.டி. லென்ஸின் ஃபிளேஞ்ச் தூரம் 42 மி.மீ. புதிய ஈ.ஓ.எஸ். கேமராவின் தூரம் 44 மி.மீ. லென்ஸ் 2 மி.மீ. பற்றாக்குறை. நடுவே கூடுதல் கண்ணாடி வைத்த மாற்றி இருந்தால்தான் தூரத்துப் பொருள் தெரியும். கேனானே பெரிய டெலி லென்ஸ்களுக்கு மட்டும் அப்படி ஒன்றைச் செய்து கொடுத்தது. மற்ற எல்லா லென்ஸ்களும் ஒரே இரவில் அனாதைகள். சம்பாதித்த பணத்தையெல்லாம் எஃப்.டி. லென்ஸ்களில் போட்டிருந்த தொழில்முறை புகைப்படக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! லென்ஸ் எதுவும் கெட்டுப்போகவில்லை. நேற்று எடுத்த அதே தரத்தில் இன்றும் படம் எடுக்கும். மாட்ட ஒரு புதுக் கேமரா மட்டும் இல்லை.

டிஜிட்டல் வந்தபோது நடந்த வேடிக்கை

2000-ல் கேனான் டி30, 2003-ல் ஆயிரம் டாலருக்குள் கிடைத்த 300டி, 2005-ல் ஃபிலிம் அளவிலேயே சென்சார் வைத்த 5டி என்று டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராக்கள் வரிசையாக வந்தன. ஃபிலிம் கேமராக்களை மக்கள் கிடைத்த விலைக்கு விற்றுத் தள்ளினார்கள். கூடவே லென்ஸ்களும் போயின. மாணவர்களுக்கும் கையில் காசில்லாத ஆர்வலர்களுக்கும் இது பொற்காலம். புது எஃப்/1.4 லென்ஸ் கனவிலும் வாங்க முடியாதவர்கள் பழைய டகுமாரை வாங்கினார்கள்.

எந்தக் கேமராவில் மாட்டுவது? மறுபடி அதே கணக்கு. எம்42 லென்ஸுக்கு 45.46. கேனான் ஈ.ஓ.எஸ். கேமராவுக்கு 44. மீதி 1.46 மி.மீ. அந்தக் கனத்தில் ஒரு வளையம் போதும், நிலாவரை தெளிவாகத் தெரியும். நிக்கானுக்கு 46.5. லென்ஸ் ஒரு மில்லிமீட்டர் பற்றாக்குறை, தூரத்துப் பொருள் தெரியாது.

வேடிக்கையைக் கவனியுங்கள். தன் பழைய லென்ஸ்களைக் காப்பாற்றிய நிக்கான் அந்நிய லென்ஸ்களை ஏற்கவில்லை. தன் சொந்த லென்ஸ்களைக் கைவிட்ட கேனானின் கேமராவோ எம்42, நிக்கான், ஒலிம்பஸ் ஓ.எம். என்று ஊரார் பிள்ளைகளையெல்லாம் மடியில் தூக்கி வைத்துக்கொண்டது! யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. எண்கள் அப்படி அமைந்துவிட்டன.

ஆனால் மாட்டுவது ஒன்று, ஃபோகஸ் செய்வது வேறொன்று. பழைய ஃபிலிம் கேமராவில் வ்யூஃபைண்டரின் நடுவே படம் இரண்டாக வெட்டுப்பட்டுத் தெரியும் வட்டம் இருந்தது. வெட்டு சேர்ந்தால் ஃபோகஸ் சரி. ஆட்டோஃபோகஸ் வந்த பிறகு அந்த வட்டத்தை எடுத்துவிட்டார்கள். புதிய திரைகள் பிரகாசமானவை, ஆனால் எஃப்/2 அளவுக்குத் திறந்த லென்ஸின் உண்மையான மங்கலை அவை காட்டாது. கண்ணுக்குச் சரியாகத் தெரியும், படத்தைக் கணினியில் திறந்தால் கண்ணுக்குப் பதில் காது தெளிவாக இருக்கும். சிலர் பழைய பாணித் திரையை வாங்கி மாற்றினார்கள். சிலர் சிப் ஒட்டிய அடாப்டர் வாங்கினார்கள், ஃபோகஸ் சரியானதும் கேமரா "பீப்" என்று சொல்லும். 5டி கேமராவில் சில லென்ஸ்களின் பின்பக்கம் மிரரில் போய் இடித்தது வேறு.

சின்ன சென்சாரில் இன்னொரு இழப்பும் உண்டு. 58 மி.மீ. ஹீலியோஸை 300டி கேமராவில் மாட்டினால் சுமார் 93 மி.மீ. லென்ஸ் போல நடந்துகொள்ளும். லென்ஸ் வரைகிற வட்டத்தின் நடுப்பகுதி மட்டுமே படத்தில் வரும். அந்த லென்ஸின் குணம் முழுவதும் ஓரங்களில்தான் இருக்கிறது, அது வெட்டுப்பட்டுப் போகும்.

மிரர் போனது, கதவு திறந்தது

எஸ்.எல்.ஆர். கேமராவின் ஃபிளேஞ்ச் தூரம் ஏன் 42 முதல் 46 மி.மீ. வரை இருக்கிறது? உள்ளே மேலும் கீழும் ஆடும் மிரருக்கு இடம் வேண்டும் என்பதால்தான். மிரர் இல்லாவிட்டால் அந்த இடமே தேவையில்லை.

2008-ல் பானசோனிக் ஜி1 வந்தது. மிரர் கிடையாது, சென்சார் பார்ப்பதையே மின்திரையில் காட்டும். ஃபிளேஞ்ச் தூரம் சுமார் 20 மி.மீ. 2010-ல் வந்த சோனி ஈ மவுண்டுக்கு 18. 2018-ல் நிக்கான் இசட் மவுண்டுக்கு 16, கேனான் ஆர்.எஃப். மவுண்டுக்கு 20. இனி எந்த எஸ்.எல்.ஆர். லென்ஸும் பற்றாக்குறை இல்லை. ஹீலியோஸுக்கும் சோனிக்கும் நடுவே 27.46 மி.மீ. உள்ள ஒரு வெற்றுக் குழாய் போதும். 1987-ல் அனாதையான கேனான் எஃப்.டி. லென்ஸ்களும் இருபது வருடம் கழித்து வீடு திரும்பின. அதுவும் முதலில் திரும்பியது வேறு கம்பெனிகளின் வீட்டுக்கு!

ஃபோகஸ் பிரச்சினையும் கூடவே தீர்ந்தது. மின்திரையில் படத்தின் ஒரு துண்டைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்க்கலாம். தெளிவாக இருக்கும் விளிம்புகளில் வண்ணக் கோடு போட்டுக் காட்டும் பீக்கிங் வசதியும் பின்னால் வந்தது. 2013-ல் சோனி ஏ7 வந்தபோது ஃபிலிம் அளவு சென்சாரும் மிரரில்லாத உடலும் ஒன்றாகக் கிடைத்தன. ஹீலியோஸ் தன் ஓரங்களோடு முழுசாகப் படத்தில் வந்தது.

அந்த ஓரங்களில் அப்படி என்ன இருக்கிறது? பின்னணியில் இலைகள் இருந்தால் அவை சுழல் போலச் சுற்றி நிற்கும். ஓரத்தில் வரும் ஒளிக்கற்றையை லென்ஸின் உலோக உறை இருபக்கமும் நறுக்குவதால் ஒளிப்புள்ளிகள் பூனைக்கண் வடிவம் எடுக்கின்றன. தெளிவாக விழும் தளம் தட்டையாக இல்லாமல் வளைந்திருப்பதும் சேர்ந்துகொள்கிறது. ஒளியியல் பாடப் புத்தகத்தைக் கேட்டால் இவை குறைகள். கணினி கணக்கிடும் இன்றைய லென்ஸ்களில் இதையெல்லாம் துடைத்துவிட்டார்கள். துடைத்த பிறகுதான் பலருக்கு அது அழகாகத் தெரிகிறது. 2024-ல் வெளிவந்த "ட்யூன்" இரண்டாம் பாகத்தின் ஒளிப்பதிவில்கூட, ஓர் உக்ரைன் நிறுவனம் புது உறையில் பொருத்திக் கொடுத்த சோவியத் காலத்து லென்ஸ்கள் பயன்பட்டன.

மறுபக்கம்

பழையதெல்லாம் பொன் என்று நினைத்துவிட வேண்டாம். பூச்சு அந்தக் காலத்து ஒற்றைப் பூச்சு என்பதால் சூரியனை நோக்கித் திருப்பினால் படம் வெளுத்துப்போகும். ஃபிலிம் எந்தக் கோணத்தில் ஒளி வந்தாலும் ஏற்றுக்கொள்ளும், சென்சார் அப்படியில்லை. சாய்வாக வரும் ஒளியில் அது தடுமாறுவதால் சில பழைய அகலக்கோண லென்ஸ்களின் மூலைகள் குழம்பிப்போகின்றன. சென்சாரின் பளபளப்பான பரப்பிலிருந்து ஒளி திரும்பி லென்ஸின் பின்கண்ணாடியில் பட்டு நடுவில் வெளிர்ப்புள்ளி விழுவதும் உண்டு.

லென்ஸ்களுக்கும் வயோதிகம் வரும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் கண்ணாடிக்குள் பூஞ்சை நூல் நூலாகப் படரும். எண்ணெய் கசிந்து அபெர்ச்சர் இதழ்கள் ஒட்டிக்கொள்ளும். சில டகுமார் லென்ஸ்களில் ஒளியை அதிகம் வளைப்பதற்காகத் தோரியம் கலந்த கண்ணாடி போட்டார்கள். தோரியம் கதிரியக்கம் உள்ளது. அது பல வருடங்களில் கண்ணாடியைத் தேநீர் நிறத்துக்கு மாற்றிவிடும். புறஊதா ஒளியில் சில நாள் வைத்தால் மஞ்சள் பெருமளவு போய்விடும். கண்ணாடியை உடைப்பதோ தேய்ப்பதோ மட்டும் கூடாது.

வேகமாக ஓடும் குழந்தையை, விளையாட்டை, பறவையை எடுக்க ஆட்டோஃபோகஸுக்கு ஈடு இல்லை. அதில் விவாதமே கிடையாது.

யார் முடிவு செய்வது?

இப்போது ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வரலாம். ஹீலியோஸ் ஏன் பிழைத்தது? அது உலகின் சிறந்த லென்ஸ் என்பதால் அல்ல. அது கேமராவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: சரியான தூரத்தில் உட்கார ஓர் இடம். அந்தத் தூரம் எல்லோருக்கும் தெரிந்த எண். ஒரு லேத் மெஷின் இருக்கும் எந்தப் பட்டறையிலும் அந்த வளையத்தைக் கடைந்துவிடலாம். அதைச் செய்த நாடு இருக்க வேண்டும் என்பதில்லை, கம்பெனியின் அனுமதியும் வேண்டியதில்லை.

இன்று விற்கும் மிரர்லெஸ் லென்ஸ்களில் பெரும்பாலானவை வேறு ரகம். ஃபோகஸ் வளையம் இருக்கிறது, ஆனால் அதைத் திருகினால் கண்ணாடி நேரடியாக நகர்வதில்லை. வளையம் கேமராவுக்கு ஒரு செய்தி அனுப்பும், கேமரா மோட்டாருக்குச் சொல்லும், மோட்டார் நகர்த்தும். அபெர்ச்சரும் அப்படியே. லென்ஸைக் கையில் எடுத்து வளையத்தைத் திருகினால் எதுவும் நடக்காது. இந்த லென்ஸ் கேமராவிடம் தூரத்தை மட்டும் கேட்பதில்லை. மின்சாரத்தையும், தன் மொழி தெரிந்த ஒரு ஆளையும் கேட்கிறது. படத்தின் தரத்தில் இது தாத்தாவைவிடப் பல மடங்கு மேல். ஆனால் ஐம்பது வருடம் கழித்து அந்த மொழியைப் பேசும் கேமரா இருக்குமா?

வழியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கேனானின் 1987 மொழியை மற்றவர்கள் ஆராய்ந்து புரிந்துகொண்டு சோனி கேமராவுக்கு அடாப்டர் செய்தார்கள். 2018-ல் கேனானும் தன் புதிய கேமராவில் பழைய ஈ.எஃப். லென்ஸ்கள் முழுதாக வேலை செய்யும்படி அடாப்டர் விற்றது. எஃப்.டி. அனுபவத்தின் பாடமோ என்னவோ! ஆக மொழியும் பிழைக்கலாம், யாராவது அக்கறை எடுத்தால். ஹீலியோஸுக்கு அந்த அக்கறைகூடத் தேவைப்படவில்லை என்பதுதான் வித்தியாசம்.

உங்கள் வீட்டுப் பரணிலோ உறவினர் வீட்டு பீரோவிலோ ஃபிலிம் கேமரா ஒன்று தூங்கிக்கொண்டிருக்கலாம். கேமரா ஓடாமல் போயிருக்கும். தூக்கிப் போடும் முன் லென்ஸைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, வளையத்தை மெல்லத் திருகிப் பாருங்கள். பூஞ்சை இல்லாமல், வளையம் வழுக்கிக்கொண்டு சுற்றினால், அது மாட்டக்கூடிய ஒரு கேமரா இன்று நிச்சயம் கடையில் இருக்கிறது.